கெட்டித்த துப்பாக்கி வீட்டிற்குள் வரலாகாது

கல்வராயன் மலையின் மேலும் அதன் அடிவாரத்திலும் வேளாண்மை செய்து வரும் நம் அங்கத்தினர் பலருக்கு நாட்டுத் துப்பாக்கி புதியதொரு பொருள் அன்று. பாட்டன் காலந்தொட்டுக் கொல்லைக் காவலுக்கென்று வீட்டில் இருந்து வரும் கருவி அது. அதனை வைத்திருப்பது குற்றமா அன்றா என்பது பற்றிப் பேசுவோர் பலர். ஆயினும் காவலோ வேட்டையோ முடிந்த பின்னர், சுடப்படாமல் குழலுக்குள்ளேயே தங்கிவிட்ட மருந்தை என்ன செய்வது என்பது பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. உயிர்ச்சேதம் விளைவதோ பெரும்பாலும் அம்மருந்தினால்தான். அங்கத்தினரின் கடனையும் விளைச்சலையும் கணக்கிடும் சங்கம், அவர்தம் குடும்பத்தின் உயிரையும் கருத வேண்டும் என்பது நம் கொள்கையாதலின், இதனை இங்கு எழுதத் துணிந்தோம்.

முதலில் இக்கருவியின் தன்மையை அறிந்துகொள்வது அவசியம். இக்காலத் தோட்டாத் துப்பாக்கியை மடக்கித் திறந்தால் தோட்டா வெளியே வந்துவிடும். குழல் காலியா அன்றா என்பதைக் கண்ணாலேயே காணலாம். நாட்டுத் துப்பாக்கியின் அடிப்புறமோ திறக்கலாகாதபடி மூடப்பட்டது. வாய் வழியாகவே மருந்தைக் கொட்டி, நாரோ துணியோ திணித்து, ரவையை இட்டு, மீண்டும் நார் வைத்துக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிறார்கள். பின்புறத்து முளையில் கேப்பை வைத்தபின் குதிரை விழுந்தால் வெடிக்கும். உள்ளே சென்ற மருந்து வெடித்து வெளியேற வேண்டும். அன்றேல் முயன்று வெளியே எடுக்கப்பட வேண்டும். தறியில் பாவு ஏறியிருப்பதை நெசவாளர் வாயிற்படியில் நின்றே கண்டுகொள்வார். இக்குழலில் மருந்து ஏறியிருப்பதையோ, கெட்டித்தவரைத் தவிர வேறெவரும் பார்த்து அறிதல் இயலாது. அவரும் ஒரு மாதத்தில் மறந்துவிடக்கூடும்.

இரவெல்லாம் மரவள்ளிக் கொல்லையில் விழித்திருந்தும் பன்றி வராமற் போனால், விடியற்காலையில் துப்பாக்கி அப்படியே வீட்டிற்கு வந்து இறவாணத்தில் செருகப்படுகிறது. மருந்தை வீணாக்குவானேன் என்னும் சிக்கனம் அதற்கு ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் அச்சம். உரிமம் இல்லாத துப்பாக்கியை விடியற்காலையில் சுட்டுக் காலி செய்தால் ஓசை மலை முழுவதும் கேட்குமன்றோ? சட்டத்திற்குப் புறம்பாக இருக்கும் ஒரே காரணத்தால் அத்துப்பாக்கி எப்பொழுதும் கெட்டித்தபடியே இருக்கிறது. பள்ளியிலிருந்து வந்த சிறுவன் அதனை எடுத்து விளையாடுகிறான். மறுமாதம் தகப்பனார் பழைய மருந்தை மறந்து அதன்மேல் புதிய மருந்தை இடித்துவிடுகிறார். சாதாரண நீர்க்குழாயில் செய்த குழல்களும் உண்டு. இரட்டை மருந்தின் விசையைத் தாங்காமல் அவை வெடித்துச் சிதறினால், சுட்டவர் கையையோ கண்ணையோ இழப்பது உறுதி.

இதில் நம் மக்களிடையே நிலவும் தவறான எண்ணங்கள் சில உண்டு. கேப்பை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணுவது ஒன்று. கேப்பை எடுப்பது முதற்படியே. உள்ளே மருந்து இருக்கும்வரை அது கெட்டித்த துப்பாக்கிதான். அடுப்பு நெருப்பின் பொறி ஒன்று போதும். குழலுக்குள் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும் என்பது மற்றொன்று. நனைந்த மருந்து அப்போதைக்கு வெடிக்காது என்பது மெய்யே. ஆயினும் இறுகத் திணித்த நாரைத் தாண்டி நீர் முற்றிலும் இறங்கிற்றென்று எவரும் உறுதி கூற முடியாது. உலர்ந்தபின் மருந்து மீண்டும் பற்றக்கூடும். பழைய மருந்து செத்துவிடும் என்பது மூன்றாவது எண்ணம். வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருமருந்து ஈரம் படாதவரை நெடுங்காலம் வலிமை குன்றாதது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீரங்கிக் குண்டு ஒன்றை, 2008-ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் தூய்மை செய்துகொண்டிருந்தபோது அது வெடித்து அவர் உயிரிழந்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகியும் மருந்து சாகவில்லை. பாட்டனார் கெட்டித்து வைத்த மருந்தும் அவ்வாறே என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

உரிமம் பெற்றவர்கள் கைக்கொள்ள வேண்டிய முறை வருமாறு. துப்பாக்கியைக் காலி செய்வது கொல்லையிலேயே நடைபெற வேண்டும். வீட்டு வாயிலில் அன்று. வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, முதலில் கேப்பை அகற்ற வேண்டும். பின்னர் அருகிலுள்ள மென்மையான மண்மேட்டில், அதன் பின்புறம் மனிதரோ கால்நடையோ இல்லையென்பதை உறுதி செய்துகொண்டு, புதிய கேப்பு வைத்துச் சுட்டுவிடுவதே எளிய வழி. பாறையிலும் நீரிலும் சுட்டால் குண்டு தெறித்துத் திரும்பும். வானத்தை நோக்கிச் சுட்டால் அது எங்கே விழும் என்பதை எவரும் அறியார். குதிரை விழுந்தும் வெடிக்காவிடில் உடனே திருப்பிப் பார்த்தல் கூடாது. உள்ளே நெருப்பு கனன்றுகொண்டிருந்து சிறிது நேரங்கழித்து வெடிப்பதுண்டு. ஒரு நிமிடத்திற்குக் குறையாமல் வாயை அப்பக்கமே வைத்துக் காத்திருக்க வேண்டும். சுட இயலாத இடத்தில், கம்பியின் நுனியில் திருகு பொருத்தி நாரையும் ரவையையும் இழுத்தெடுப்பதுண்டு. அது முளையின் வழியே மருந்தை நனைத்த பிறகு, பழகிய கை செய்ய வேண்டிய வேலை. அப்பொழுதும் முகமும் மார்பும் குழல்வாய்க்கு நேரே இருத்தல் ஆகாது.

காலியா என்று அறிய ஓர் எளிய சோதனையும் உண்டு. குழல் காலியென்று ஐயமற அறிந்த நாளில் இடிகம்பியை அடிவரை இறக்கி, குழல்வாயின் மட்டத்தில் கம்பியின்மேல் ஒரு கோடு கீறி வைக்கவேண்டும். பின்னர் எப்பொழுது இறக்கினாலும் அக்கோடு வாய்க்கு மேலே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்பது பொருள். இச்சோதனையையும் கேப்பை அகற்றிய பின்னரே செய்ய வேண்டும்.

இனி, உரிமம் இல்லாதவர் நிலை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உழவரை அடியோடு மறந்துவிடவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அதன் 13-ஆம் பிரிவு இடமளிக்கிறது. உரிமமின்றி வைத்திருப்போர்க்கோ, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்றவரும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றிப் பன்றியைச் சுடலாகாது. ஆகவே உரிமமற்ற துப்பாக்கியை ஒப்படைப்பதே நலம். காவல் துறையினர் காலக்கெடு வைத்து, தாமே ஒப்படைப்போர்மீது வழக்கில்லை என அறிவிக்கும் சமயங்களில் சிலர் இரவோடிரவாகச் சாலையோரத்தில் போட்டுவிட்டுச் செல்கின்றனர். அதில் மருந்து இருக்குமாயின், காலையில் ஆடு மேய்க்க வரும் பிள்ளைதான் அதனை முதலில் எடுக்கும். துப்பாக்கியைத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர் மூலமாகக் காவல் நிலையத்திற்குச் சேதியைச் சொல்லி அனுப்பினால் போதும். கெட்டித்திருக்கிறது, அல்லது காலியா என்று தெரியவில்லை என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் கூறியபின், உழவர் கேட்கும் கேள்விக்கு விடை கூறாமல் விடுவது நேர்மையாகாது. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டால் பன்றியை யார் தடுப்பார் என்கின்றனர் அவர்கள். ஆத்தூர், சேலம் ஜவ்வரிசி ஆலைகளை நம்பி நட்ட மரவள்ளியும், கடன் வாங்கி விதைத்த மக்காச்சோளமும் ஓரிரவில் உழப்பட்டுப் போவதைக் கண்டவர்கள் அவர்கள். 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத் துறையினரே சுடலாம் என்பது அதன் சாரம். சமவெளிக்கு இது உதவலாம். காட்டை ஒட்டியே கொல்லைகள் அமைந்த வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கத்து அங்கத்தினர்க்கு இதனாற் பெரும்பயன் இல்லை. துப்பாக்கியைக் கேட்டு வாங்கும் அரசு, பயிருக்குக் காவலையும் இழப்புக்கு ஈட்டையும் உடன் தருதல் வேண்டும். ஒன்றை மட்டும் செய்வது பாதி வேலையே என்பதை வெளிப்படையாகவே கூறுகிறோம்.

சங்கங்கள் இங்கு வாளாவிருத்தல் தகாது. பயிர் அழிந்த அங்கத்தினர்க்காக விண்ணப்பம் எழுதி, கிராம நிர்வாக அலுவலரின் சான்றுடன் வனச்சரக அலுவலகத்தில் சேர்ப்பதைச் சங்கச் செயலாளர் தம் கடமையாக ஏற்கலாம். பத்துக் குடும்பம் சேர்ந்து முறை வைத்து இரவுக் காவல் காக்க ஏற்பாடு செய்யலாம். மின்வேலிக்குப் பதிலாக முள்வேலிக்கும் அகழிக்கும் குறுகியகாலக் கடன் தரலாம். ஒப்படைக்க அஞ்சும் அங்கத்தினருடன் நிர்வாகக் குழுவினர் இருவர் உடன் சென்றால் அச்சம் பாதி நீங்கும். தனியொருவராய்ச் செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு தோன்றியது. மலைக்கொல்லையின் காவலும் அவற்றுள் ஒன்றேயாகும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனைச் சேர்க்குமாறு மலைப்பகுதிச் சங்கங்களை வேண்டிக்கொள்கிறோம். அந்நாள் வரும்வரையில், இன்றிரவே ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் வீட்டு இறவாணத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாராக.