39 இலட்சம் சேர்க்கும் முன்னர் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெற்றார்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் எழுதுகிறேன். நீண்ட பதிவுதான். சிலருக்குக் கோபம் வரலாம். முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எங்கள் பாடசாலைக் கணினிக் கூடத்தில் 22 கணினிகள் இருக்கின்றன. பத்து வருடத்துக்கு முன்னர் வாங்கியவை, நாலாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். போன மாதக் கூட்டத்துக்கு வந்த ஒரு கடைக்காரர், "விண்டோஸ் 10 முடிஞ்சுது டீச்சர், இதெல்லாம் இனிக் குப்பை" என்று சொல்லி ஒரு விலைப்பட்டியலை நீட்டினார். கணினி ஒன்று ஒரு இலட்சத்து 80 ஆயிரம். 22க்கும் 39 இலட்சத்து 60 ஆயிரம். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு வாங்கலாம் என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் இருந்த ஒரு உம்மா, "மூணு புள்ளைக்கும் சேர்த்தா குடுக்கணும்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. வீட்டுப் பாவனைக்கு ஒரு வருட நீட்டிப்பை அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது, அதாவது 2017க்குப் பிறகு வந்ததாக, இருக்க வேண்டும். நம்முடையது தேறாது.

அவர் சொல்லாத மறுபாதி இது. அந்த 22 கணினிகளின் சில்லும் திரையும் விசைப்பலகையும் ஒக்டோபர் 13ஆம் திகதி வேலை செய்த மாதிரியேதான் 15ஆம் திகதியும் வேலை செய்தன. பழுதான பொருள் ஒன்றுமில்லை. எங்கோ இருக்கும் ஒரு கொம்பனி எடுத்த முடிவுக்கு மருதானையில் முச்சக்கர வண்டி ஓட்டும் ஒரு வாப்பா ஏன் காசு கட்ட வேண்டும்?

"வேற என்ன டீச்சர் செய்யலாம்?" என்று கேட்பீர்கள். லினக்ஸ் போடலாம். லினக்ஸ் மின்ட், சுபுண்டு போன்றவை இலவசம். ஒரு பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். நான் ஒரு கணினியில் செய்தேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டி, இன்னொரு 4 ஜிபி ரேம், எல்லாம் சேர்த்து 12 ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. மூன்று நிமிடம் யோசித்து யோசித்துத் திறந்த அதே கணினி இப்போது அரை நிமிடத்தில் திறக்கிறது. 22க்கும் இதைச் செய்ய 2 இலட்சத்து 64 ஆயிரம் போதும். 39 இலட்சத்துக்குப் பக்கத்தில் இந்தத் தொகையை வைத்துப் பாருங்கள்.

உடனே வரும் முதல் ஆட்சேபம்: "அது எஞ்சினியர்மாருக்கு, நம்மட புள்ளைகளுக்குச் சரிவராது." உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் போனின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சுப்பர் கணினிகளில் எல்லாமே லினக்ஸ்தான். கேரளாவில் அரசுப் பாடசாலைப் பிள்ளைகள் இருபது வருடமாக இதில்தான் படிக்கிறார்கள். 2001இல் அங்கு ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. சில வருடங்களில் விண்டோஸை விட்டார்கள், ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்கள் கையாலேயே நிறுவ வைத்தார்கள். பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சைக்கான கணினிச் செய்முறையும் அதில்தான் நடக்கிறது. அந்தப் பிள்ளைகள் வேலையில்லாமலா அலைகிறார்கள்?

நமது நாட்டுக்கும் இது புதிதல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருளையும் பதிவு செய்ய சஹானா என்ற மென்பொருளை நம் நாட்டுத் தன்னார்வலர்கள் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனோடு சேர்ந்து திறந்த மூலத்தில் உருவாக்கினார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. ஹந்தானை மலையின் பெயரில் ஹந்தான லினக்ஸ் என்று ஒன்றும் இங்கே செய்தார்கள். உலகத்துக்குக் கொடுத்த நாடு, தன் பிள்ளைக்குக் கொடுக்கக் கடைக்காரரிடம் அனுமதி கேட்கிறது.

இரண்டாவது ஆட்சேபம்: "பிரின்டர் வேலை செய்யாது, வைபை வராது." பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னர் இது உண்மை. இன்று நிலைமை வேறு. டெல் 2012இலேயே உபுண்டு போட்ட எக்ஸ்பிஎஸ் 13ஐ விற்கத் தொடங்கியது. 2020இல் லெனோவோ தனது திங்க்பேட் பி வரிசை முழுவதையும் லினக்ஸுக்குச் சான்றுபடுத்துவதாக அறிவித்து, பெடோரா போட்ட லெப்டொப்பையும் விற்றது. இன்டெல், ஏஎம்டி இரண்டும் தங்கள் கிராபிக்ஸ் டிரைவர்களைத் திறந்த மூலத்தில் தருகின்றன. வருடக் கணக்காக முரண்டு பிடித்த என்விடியாவே 2022 மே மாதம் தன் கர்னல் பகுதியைத் திறந்தது. எச்பி பிரின்டர்களுக்கு அந்தக் கொம்பனியே லினக்ஸ் டிரைவர் தருகிறது.

என்றாலும் எல்லாம் சரி என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மலிவு வைபை அடாப்டர்கள் சில இன்னும் அடம் பிடிக்கும். போட்டோஷொப் ஓடாது. அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால், அந்த ஒரு கணினி அப்படியே இருக்கட்டும். 21ஐ மாற்றுவோம்.

என் கோபம் கொம்பனிகள் மேலும் இருக்கிறது. அமெரிக்காவில் எஞ்சினியருக்கு லினக்ஸ் போட்டு, சோதித்து, உத்தரவாதத்தோடு விற்கிறார்கள். பம்பலப்பிட்டிக் கடையில் நமக்கு என்ன கிடைக்கிறது? ஒன்று விண்டோஸ் விலையும் சேர்ந்த லெப்டொப். இல்லாவிட்டால் ப்ரீடொஸ் என்று ஒரு வெற்றுப் பெட்டி. அதை வாங்கினால் கடைக்காரப் பையன் "விண்டோஸ் சும்மா போட்டுத் தாறேன்" என்பான். அந்தச் சும்மா என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் நமது சமூகத்தை நேராகக் கேட்கிறேன். பிஸ்கட் பக்கெட்டைத் திருப்பி ஹலால் முத்திரை பார்க்கிறோம். வட்டி என்றால் விலகி நடக்கிறோம். களவாடிய விண்டோஸில் பிள்ளைக்குக் குர்ஆன் செயலி போட்டுக் கொடுக்கும்போது மட்டும் ஏன் யாருக்கும் உறுத்தவில்லை? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படியும் அது குற்றம். மார்க்கத்தையும் சட்டத்தையும் விடுங்கள், அதோடு வரும் வைரஸையாவது பாருங்கள். தவணைப் பரீட்சை வினாத்தாள் இருந்த என் பென் டிரைவ் இரண்டு முறை போனது அப்படித்தான். இலவசமாக, ஆகுமான வழியில் ஒன்று கிடைக்கும்போது களவு எதற்கு?

மூன்றாவது ஆட்சேபம் எங்கள் ஆசிரியர் அறையிலிருந்து: "பாமினியில் அடித்த பழைய வினாத்தாளெல்லாம் என்னாகும்?" பாமினி ஒரு எழுத்துரு. லினக்ஸிலும் நிறுவலாம், லிப்ரே ஒபிஸில் திறக்கலாம். ஒருங்குறியில் அடிக்க, நமது நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கிறது. பக்க அமைப்பு சில இடங்களில் கொஞ்சம் குழம்பும், திருத்த வேண்டும். ஒரு வார வேலை. சாதாரண தரத் தகவல் தொழில்நுட்ப வினாத்தாளைப் பிள்ளை பேனையால்தான் எழுதுகிறது. அட்டவணை போடவும் சூத்திரம் எழுதவும் தெரிந்த பிள்ளைக்கு எக்செல் என்ன, லிப்ரே ஒபிஸ் கல்க் என்ன? வீட்டில் ஒரு பிராண்ட் அடுப்பில் சமைத்தவளுக்கு இன்னொரு அடுப்பில் சோறு வடிக்கத் தெரியாதா?

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, அபிவிருத்திச் சங்கத்துக்கு: காசு சேர்ப்பதை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள். ஐந்து கணினிகளை மாற்றித் தருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாவித்துவிட்டு அவர்களே வந்து சொல்லட்டும். சரிவரவில்லை என்றால் நானே கூட்டத்தில் எழும்பி ஒத்துக்கொள்வேன்.

இரண்டு, பாடசாலைக்கும் பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் கணினி வாங்கிக் கொடுக்கும் தனவந்தர்களுக்கு: விலைமனு கேட்கும்போது "லினக்ஸில் இயங்கிக் காட்ட வேண்டும்" என்று ஒரு வரி சேருங்கள். வாங்குபவன் கேட்காத எதையும் விற்பவன் கொண்டு வர மாட்டான். நூறு பேர் கேட்டால் இறக்குமதியாளர் கேட்பார், அவர் கேட்டால் கொம்பனி கேட்கும்.

மூன்று, பெற்றார்களுக்கு: விண்டோஸ் 10 என்பதற்காக வீட்டு லெப்டொப்பைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். இந்தச் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினிக் கூடத்தில் இருப்பேன். பிள்ளையையும் கூட்டி வாருங்கள். முக்கியமான படங்கள், கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதமும் வேண்டாம்.

39 இலட்சத்தில் மிஞ்சுவதை நூலகத்துக்கும், மழைக்கு ஒழுகும் கூரைக்கும் கொடுப்போம். அந்த உம்மாவிடம் மூன்று பிள்ளைகளுக்கும் காசு கேட்காமல் இருப்போம்.

நான் சொன்னதில் பிழை இருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். கடைக்காரச் சகோதரர்களும் எழுதுங்கள். உங்கள் பிழைப்பில் மண் போட நான் வரவில்லை. எஸ்எஸ்டியும் ரேமும் உங்களிடம்தான் வாங்கப் போகிறேன்.