அறை யாருக்கு? ஆளுக்கா, பீரோவுக்கா?

"இன்னும் ஒரு அறை இருந்தால் போதும்!"

வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு இது. வீடு சிறியது, அதனால் வசதி இல்லை என்று எல்லோரும் சொல்லுகிறார்கள்.

இருக்கட்டும். இப்போது இருக்கிற அறையில் குடி இருப்பது யார்?

சற்றுச் சுற்றிப் பாருங்கள். ஒரு சுவரை சோபா பிடித்துக்கொண்டது. பீரோ ஜன்னலை மறைத்து நிற்கிறது. நடுவில் டீப்பாய். குழந்தை எங்கே? வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்து வீட்டுப் பாடம் எழுதுகிறது. பாட்டி எங்கே? வெளியே தாழ்வாரத்தில் சுருண்டு படுத்திருக்கிறாள்.

சாமான் உள்ளே! மனிதர் வெளியே!

இது தலைகீழ் நியாயம். சின்ன அறையில் முதல் இடம் ஆளுக்குத்தான். மிச்சம் இருந்தால்தான் சாமானுக்கு.

புது வீடு, புதுச் சாமான்

கள்ளக்குறிச்சிப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுவோம். 2019-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி, விழுப்புரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன பூமி இது. கீழே நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. மேற்கே கல்வராயன் மலை. அங்கே சாமையும் மரவள்ளியும் விளைகின்றன.

மலை மேலும் சரி, மலைக்குக் கீழேயும் சரி, குடிசை இருந்த இடங்களில் காங்கிரீட் வீடுகள் எழும்புகின்றன. அரசாங்கம் பணம் தருகிறது. அந்த வீடுகளின் அளவைப் பாருங்கள்.

2011-ல் வந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2016-ல் வந்த பிரதமரின் கிராம வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர். அதாவது ஏறக்குறைய 269 சதுர அடி. 2024-ல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. அதற்கு அரசு தருவது 3½ லட்சம் ரூபாய்.

மழைக்கு ஒழுகாத கூரை கிடைப்பது பெரிய காரியம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குடிசையில் பாயும் பானையும் துணிக் கொடியும் இருந்தன. அவற்றுக்கு அந்த இடம் போதும். புது வீடு கட்டியதும் புதுச் சாமான் வந்து இறங்குகிறது. சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

நாலு சுவர் உண்டு; முழுச் சுவர் இல்லை!

சின்ன வீட்டின் முன் அறையைக் கவனியுங்கள். தெருக் கதவு ஒரு பக்கம். படுக்கை அறைக் கதவு ஒரு பக்கம். சமையல் கட்டுக்குப் போகும் வழி ஒரு பக்கம். மிச்சம் உள்ள சுவரில் ஜன்னல்.

பேருக்கு நாலு சுவர். ஆனால், ஒரு சாமானைச் சாய்த்து வைக்க முழுச் சுவர் ஒன்று கிடைப்பது அரிது. எல்லாம் துண்டு துண்டு.

மனை கோணல் என்றால், அறையும் கோணல். மாடிப்படி வந்தால் ஒரு மூலையைத் தின்றுவிடும். தூண் துருத்திக்கொண்டு நிற்கும். ஊருக்குள் ஒட்டினாற்போல் இருக்கிற பழைய வீடுகளிலோ, அறை ரயில் பெட்டி மாதிரி நீளமாக ஓடும்.

இப்படிப்பட்ட அறையில், கடையில் பார்த்த சாமானை எல்லாம் கொண்டுவந்து அடுக்கினால் என்ன ஆகும்?

கணக்குப் போட்டுப் பாருங்கள்

முன் அறை 10 அடிக்கு 12 அடி என்று வைத்துக்கொள்ளுவோம். மொத்தம் 120 சதுர அடி.

சோபா செட்: நீளமானது 6½ அடிக்கு 2½ அடி. ஒற்றை இருக்கைகள் இரண்டு. மூன்றும் சேர்ந்து 29 சதுர அடி போயிற்று.

டீப்பாய்: 4½ சதுர அடி.

பீரோ: 3 அடி அகலம், 1½ அடி ஆழம். கதவு திறக்கவும் அதே அளவு இடம் வேண்டும். ஆக 9.

டி.வி. ஸ்டாண்டு: 6.

பிரிஜ்ஜும் அதன் கதவு திறக்கிற இடமும்: 8.

ஒற்றைக் கட்டில்: 6 அடிக்கு 3 அடி. ஆக 18.

கூட்டினால் ஏறக்குறைய 75 சதுர அடி. மிச்சம் 45.

தெருக் கதவில் இருந்து சமையல் கட்டுக்கு நடக்க வழி வேண்டாமா? 2½ அடி அகலம், 12 அடி நீளம். அதற்கு 30 போயிற்று.

கடைசியில் கையில் நிற்பது 15 சதுர அடி. ஒரே ஒரு பாய் விரிக்கிற இடம்!

இனி, சோபாவையும் டீப்பாயையும் மட்டும் வெளியே எடுத்துவிடுங்கள். 15 என்பது 48 ஆகிவிடும். மூன்று பாய் விரிக்கலாம். பிள்ளைகள் இரண்டு பேர் தாராளமாகப் படிக்கலாம். விருந்தாளி வந்தால் இலை போட்டுச் சாப்பாடு போடலாம்.

கட்டிலை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முழங்கால் வலிக்கிற பாட்டி தரையில் இருந்து எழுந்திருப்பது கஷ்டம். அவளுக்குக் கட்டில் வேண்டும். அதே கட்டில் பகலில் நாலு பேர் உட்காரவும் ஆகும். சோபாவோ, உட்காருகிற வேலை ஒன்றைத்தான் செய்யும். சின்ன அறையில் ஒரே வேலை செய்கிற சாமானுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

சீர் என்ற பெயரில்

இந்தச் சாமான்கள் எங்கிருந்து வந்தன? பல வீடுகளில் கல்யாணச் சீராக வந்தவை.

பெண்ணைப் பெற்றவர் கடன் வாங்கிக் கட்டில், மெத்தை, பீரோ, சோபா வாங்குகிறார். வண்டியில் ஏற்றி, ஊர் பார்க்க அனுப்புகிறார். "கட்டில் இல்லையா? பீரோ இல்லையா?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களே என்ற பயம் அவருக்கு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. இந்தப் பயத்தைத் தடுக்கத்தான் சட்டம் இல்லை.

சாமான் வந்து சேருகிறது. வாசலில் நுழையவில்லை. காலைக் கழற்றி, சாய்த்து, எப்படியோ உள்ளே தள்ளுகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் சம்பந்தி மனம் நோகும். விற்றால் மருமகள் மனம் நோகும். ஆகவே, அது கல்யாண நாளில் நின்ற இடத்திலேயே காலமெல்லாம் நிற்கிறது. வட்டி அங்கே ஏறுகிறது. தூசி இங்கே ஏறுகிறது.

இதில் யாருக்கு லாபம்?

மாப்பிள்ளை வீட்டார் முன்கூட்டியே வாயைத் திறக்க வேண்டும். "எங்கள் அறை இவ்வளவுதான். கட்டில், சோபா எதுவும் வேண்டாம்" என்று சொல்லுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அதுதான் உண்மையான கௌரவம்.

கன்னி மூலைக்கு ஒரு வழி

இன்னொரு தொல்லை, மூலை. பீரோ கன்னி மூலையில்தான் நிற்க வேண்டும் என்கிறார்கள். அதாவது தென்மேற்கு மூலை. நம்பிக்கை உள்ளவர்களோடு சண்டை வேண்டாம். ஆனால், சில வீடுகளில் அந்த மூலையில்தான் ஜன்னல் இருக்கிறது. பீரோவை வைத்ததும் காற்றும் வெளிச்சமும் நின்றுவிடுகின்றன. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

நகையும் பணமும் இருக்கிற சின்னப் பெட்டியை அந்த மூலையில் வையுங்கள். பீரோவை வேறு சுவருக்கு நகர்த்துங்கள். ஜன்னலை மூடிவிட்டு எந்த லட்சுமியை வீட்டுக்குள் கூப்பிடப் போகிறோம்?

செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒரு வேடிக்கை செய்யுங்கள். பழைய செய்தித்தாள்களை எடுத்து, ஒவ்வொரு சாமானின் அளவுக்கும் வெட்டுங்கள். தரையில் போட்டுப் பாருங்கள். இப்படி நகர்த்துங்கள், அப்படி நகர்த்துங்கள். காகிதத்தை நகர்த்த இடுப்பு வலிக்காது. கடைக்குப் போகும் முன்பும் இதைச் செய்யலாம். காகிதத்துக்கு இடம் இல்லை என்றால், சாமானுக்கும் இடம் இல்லை.

அடுத்து, வழி. கதவுக்குக் கதவு நடக்கிற பாதையைச் சாக்கட்டியால் தரையில் கோடு போடுங்கள். கதவு திறக்கிற அரை வட்டத்தையும் போடுங்கள். கோட்டுக்குள் எதுவும் வரக் கூடாது. வழி அறையின் நடுவே குறுக்காகப் போனால் அறை இரண்டாகிவிடும். சுவர் ஓரமாகப் போனால் மிச்ச இடம் ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கும். துண்டு துண்டாக 40 சதுர அடி இருப்பதைவிட, ஒரே இடத்தில் 30 சதுர அடி இருப்பது மேல்.

ஜன்னல் ஓரம் படிக்கிற பிள்ளைக்கு. வலது கையால் எழுதுகிற பிள்ளைக்கு இடது பக்கம் இருந்து வெளிச்சம் வர வேண்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின் மேல் விழாது. ஒரு சாய்வுப் பலகையும் ஒரு பாயும் போதும். ஆனால், அந்த இடம் தினமும் அதே இடமாக இருக்க வேண்டும்.

பீரோ ஆடாமல் நிற்க வேண்டும். பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்கினால் அது கவிழ்ந்து மேலே விழும். ஒரு பட்டையைப் போட்டுச் சுவரோடு திருகி விடுங்கள்.

கோணல் மூலையை மறைக்கப் பாடுபடாதீர்கள். முக்கோணப் பலகை நாலு அடித்தால், அதுவே புத்தக அலமாரி. ரயில் பெட்டி போன்ற அறையில், சாமானை எல்லாம் ஒரே நீளச் சுவரில் வரிசையாக வையுங்கள். எதிர்ப்பக்கம் முழுவதும் காலியாக இருக்கட்டும்.

நெல் மூட்டை, மக்காச்சோள மூட்டை இருக்கிற வீடுகளில், பலகை போட்டு அதன் மேல் அடுக்குங்கள். சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரம் ஏறாது. எலி புகுந்தாலும் தெரியும்.

டி.வி.யைச் சுவரில் மாட்டினால் ஸ்டாண்டு மிச்சம். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், நாலு நாற்காலிக்கும் ஒரு நாற்காலியின் இடம்தான்.

நமக்குத் தெரிந்த வித்தைதான்

இது புதுமை அல்ல. பகலில் சுருட்டி வைக்கிற பாய், சுவரில் மாடக்குழி, தலைக்கு மேல் பரண், வாசலில் திண்ணை. தரையை அடைக்காமல் வாழுகிற வித்தை நம் வீடுகளில் இருந்தது.

ஜப்பானிலும் இதே வழக்கம் உண்டு. அங்கே ஏறக்குறைய 3 அடிக்கு 6 அடி உள்ள பாய்களைத் தரையில் பதிக்கிறார்கள். அறையின் அளவையே "இத்தனை பாய்" என்றுதான் சொல்லுகிறார்கள். பகலில் படுக்கையை மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துவிட்டால், படுக்கை அறையே கூடம் ஆகிவிடும்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில், 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே லிஹாட்ஸ்கி என்ற பெண் ஒரு சமையல் அறைக்குத் திட்டம் போட்டார். ஏறக்குறைய 6 அடி அகலம், 11 அடி நீளம், அவ்வளவுதான். அங்கே வேலை செய்கிற பெண் எத்தனை அடி நடக்க வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்த்தார். பிறகுதான் அலமாரிக்கு இடம் குறித்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அந்தச் சமையல் அறை அமைந்தது.

கேரளத்தில் வீடு கட்டிப் புகழ் பெற்ற லாரி பேக்கர், செங்கல் சுவரிலேயே மாடங்களையும் உட்காரும் திண்டுகளையும் சேர்த்துக் கட்டினார். சாமான் வாங்குகிற செலவு மிச்சம், இடமும் மிச்சம்.

கட்டும் முன்பே கேளுங்கள்

பிரதமரின் கிராம வீட்டுத் திட்டத்தில் ஒப்பந்தக்காரர் வீட்டைக் கட்டித் தருவது இல்லை. பயனாளியே கட்டிக்கொள்ளுகிறார். அப்படியானால், செங்கல் வைக்கும் முன்பே மேஸ்திரியோடு பேசலாம்.

ஒன்று சொல்லுகிறேன். கதவு நிலையை மூலையோடு ஒட்டி வைக்காதீர்கள். மூலையில் இருந்து 20 அங்குலம் தள்ளி வையுங்கள். அந்த இடுக்கில், பக்கத்துச் சுவரோடு பீரோ அடக்கமாக நின்றுகொள்ளும். ஒரு செலவும் இல்லை. கட்டி முடித்த பிறகு என்றால், சுவரை இடிக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் படம் காட்டும்போது, சுவரையும் கதவையும் மட்டும் காட்டாதீர்கள். பாய் எங்கே, பீரோ எங்கே, பிள்ளை படிக்க எங்கே என்றும் வரைந்து காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அந்தப் படம் புரியும்.

இன்னொன்று. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தில் சாமி உருவம் செதுக்குகிற கைகள் உள்ள மாவட்டம் இது! கடையில் ஒரே அளவில் செய்து வைத்த சோபாவை ஏன் தூக்கிவர வேண்டும்? உள்ளூர்த் தச்சரைக் கூப்பிட்டு அறையைக் காட்டுங்கள். உங்கள் துண்டுச் சுவருக்கு அளவாக, மேலே உட்காரவும் உள்ளே துணி வைக்கவும் ஒரு பெட்டி பெஞ்சு செய்து தருவார். கோணல் அறைக்குக் கோணலாகவே செய்து தருவார்.

சாமான் பழையதாகும், துருப்பிடிக்கும். பிள்ளை படிக்கிற வயது திரும்ப வராது. பாட்டி உள்ளே படுக்கிற நாளும் அதிகம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு கை பிடியுங்கள். முதலில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிற பீரோவை நகர்த்துங்கள்.