பட்டியலில் அம்மாவுக்கு மட்டும் இடம்

யுத்தத்தின் முக்கியமான ஆட்களையும் இடங்களையும் பட்டியல் போடச் சொல்லிப் பாருங்கள். வடக்கில் போட்டாலும் தெற்கில் போட்டாலும் ஒரே அச்சில்தான் வந்து விழும். தளபதிகள், தலைவர்கள், ஜனாதிபதிகள். ஆனையிறவு, கிளிநொச்சி, முள்ளிவாய்க்கால். பெண்கள் எங்கே என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: அன்னை பூபதி இருக்கிறார், கிருசாந்தி இருக்கிறாள், மாலதி இருக்கிறாள். ஒருவர் தாய், ஒருத்தி பலியானவள், ஒருத்தி துவக்குத் தூக்கியவள். மூன்று கதிரை போட்டாயிற்று, இனிப் பெண்ணியவாதிகள் வாயை மூடலாம்.

மற்ற இரண்டைப் பற்றியும் பேச நிறைய உண்டு. எனக்கு இங்கே முதலாவது கதிரையோடுதான் சண்டை.

பூபதி 1988 மார்ச் 19 அன்று மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 19 அன்று இறந்தார். அவர் கேட்டவை இரண்டு: இந்திய அமைதிப்படை சண்டையை நிறுத்த வேண்டும், புலிகளுடன் பேச வேண்டும். இந்தக் கோரிக்கையோடு நீங்கள் உடன்படலாம், உடன்படாமலும் இருக்கலாம். ஆனால் அது போர்நிறுத்தம் பற்றிய ஓர் அரசியல் நிலைப்பாடு. ஒவ்வொரு ஏப்ரலிலும் மேடைகளில் கேட்பதோ தாய்மை, தியாகம், பத்துப் பிள்ளை பெற்ற வயிறு. திலீபனைப் பற்றிப் பேசும்போது ஐந்து கோரிக்கைகளையும் ஒப்புவிக்கிறவர்களுக்குப் பூபதியின் இரண்டும் ஏன் நாவில் வருவதில்லை?

தாய் என்ற பெயர் ஒரு காலத்தில் கவசமாக இருந்தது என்று சொல்வார்கள். உண்மைதான். 1984இல் இராணுவம் இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்துச் சென்றபோது, யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணிப் பெண்கள் அரசாங்க அதிபரிடம் ஊர்வலமாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டார்கள். வேறு எந்தப் பெயரில் அன்று வீதிக்கு இறங்கியிருக்க முடியும்? 1990இல் மாத்தறையிலும் சிங்களத் தாய்மார் அதே பெயரில்தான் திரண்டார்கள். ஆனால் அந்தக் கவசத்தை யார் போட்டுக்கொண்டு போனார்கள் என்றும் பாருங்கள். தெற்கின் அன்னையர் முன்னணிக்குத் துணை நின்று பெயர் எடுத்த எதிர்க்கட்சி எம்பிக்களில் ஒருவர் மகிந்த ராஜபக்ச. 2009இல் நாட்டின் ஜனாதிபதி அவர்தான். தெற்குத் தாய்மாரின் கண்ணீர் அவருக்கு ஏணி. வடக்குத் தாய்மாரின் கண்ணீர் அவருக்குத் தெரியவேயில்லை.

தாய்க்குக் கொடுத்த உரிமையின் அளவு இவ்வளவுதான்: தன் பிள்ளைக்காக அழலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தீர்ப்புச் சொன்னவர் ரஜனி திராணகம. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர், இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். ஒரு காலத்தில் காயப்பட்ட புலிகளுக்கு மருந்து கட்டியவர். இந்தியப் படையால் வல்லுறவுக்குள்ளான பெண்களின் வாக்குமூலங்களைத் தேடிப் போய் எழுதினார். ‘முறிந்த பனை’யின் நான்கு ஆசிரியர்களில் ஒருவராக அரசையும் இந்தியாவையும் இயக்கங்களையும் ஒரே தராசில் வைத்தார். 1989 செப்டெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. கொன்றது புலிகள் என்பதில் அவருடன் வேலை செய்தவர்களுக்குச் சந்தேகமில்லை. தாய் என்ற தகுதி அவருக்கு எந்தக் கவசத்தையும் தரவில்லை. எந்த மேடையும் அவரை அன்னை ரஜனி என்று அழைப்பதுமில்லை. (அழைக்காமலே இருக்கட்டும்.)

இடங்களிலும் இதே கணக்குத்தான். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரம் அளவில். போகிற வழியில் பெண்களின் காதில் கிடந்த தோட்டைக்கூடக் கழற்றி வாங்கினார்கள். அந்தப் பெண்களும் தாய்மார்தான், புத்தளத்து ஓலைக் குடிசைகளில் பிள்ளை பெற்று வளர்த்தவர்கள். எங்கள் பட்டியலில் புத்தளம் எங்கே? எங்கள் தாய்மைப் புகழ்ச்சி சோனகத் தெருவின் முடக்கோடு நின்றுவிடுகிறது.

2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வருடக்கணக்காக வெயிலிலும் மழையிலும் இருந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பதில் கிடைக்காமலே பலர் செத்துப்போனார்கள். பத்திரிகைகள் போடுவது ஒரே படம்: போட்டோவை நெஞ்சோடு அணைத்து அழும் கிழவி. அந்தக் கிழவியைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்குத் தெரியும், அவள் சொல்வதில் பாதிக்கு மேல் தகவல். எந்த முகாம், எந்தத் திகதி, எந்த அதிகாரி, எந்த ஆணைக்குழுவில் எத்தனையாவது தடவை. இழப்பீட்டை வாங்கிக்கொண்டு இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடு என்றபோது மாட்டேன் என்றார்கள். காணாமல்போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று 2020 ஜனவரியில் கோட்டாபய ராஜபக்ச சொன்னபோது, அப்படியானால் கொன்றது யார் என்று திருப்பிக் கேட்டார்கள். இது தாய்ப்பாசமா? குறுக்கு விசாரணை ஐயா, குறுக்கு விசாரணை.

2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலத்தடியில் தங்கள் ஆட்களை இராணுவத்திடம் தங்கள் கையாலேயே ஒப்படைத்த பெண்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். மனைவிமார், அக்காமார், மகள்மார். யார் யார் சரணடைந்தார்கள், எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள் என்று ஆணைக்குழுக்களிலும் நீதிமன்றத்திலும் பெயர் சொல்லிச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மே மாதம் மேடை போடுகிற தம்பிமார் ஒன்று செய்யலாம். அவர்களைக் கூப்பிட்டு விளக்கேற்ற வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்காமல், அந்த வாக்குமூலத்தை முழுவதுமாக வாசிக்க விடுங்கள். எவ்வளவு நேரம் எடுத்தாலும் எம்பி காத்திருக்கட்டும்.