ஞாபகப் பெட்டியும் ஸ்டென்சில் தகடும்

ஸ்டென்சில் தகட்டை வைத்து வர்ணம் தட்டுவது சித்திரக்கலையாகாது, கை வராதவர்கள் தேடிக்கொண்ட குறுக்குவழியே அது என்னும் அபிப்பிராயம் சித்திர ஆசிரியர்கள் சிலரிடம் இன்றும் இருப்பதால், வெறும் மரப்பெட்டி ஒன்றைத் தம் கையாலேயே அலங்கரித்துப் பார்க்கும் சந்தோஷம் பிள்ளைகள் பலருக்குக் கிட்டாமலே போகிறது. இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதே என் துணிபு.

விருந்தாவனத்துக் கோயில்களில் கண்ணனுடைய லீலைகளை வர்ணப்பொடியால் தரையில் தீட்டும் சாஞ்ஜி என்னும் கலை, நுண்ணிய கத்தரியால் வெட்டிய காகிதத் தகடுகளைக் கொண்டே நடைபெறுகிறது. கிமோனோத் துணிக்குச் சாயமிட ஜப்பானியர் செதுக்கிய கதகாமித் தகடுகளோ, முசுக்கட்டை நார்க் காகிதத்தைப் பர்ஸிமன் காயின் சாற்றினால் அடுக்கடுக்காக ஒட்டிப் பதப்படுத்திச் செய்யப்பட்டவை. நம் வாசலில் துளையிட்ட கோல அச்சைத் தட்டுவதும் இதே வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

ஒரு தாமரையைத் தகட்டில் வெட்டிப் பார்த்தால்தான் இதிலுள்ள புத்திநுட்பம் விளங்கும். இதழ்களுக்கிடையே மெல்லிய பாலங்களை விட்டுவைக்காவிட்டால் நடுப்பொகுட்டு கழன்று விழுந்துவிடுமாதலால், எந்தக் கோட்டை நிறுத்துவது, எதைத் துறப்பது என்று தீர்மானிக்கும் அந்தக் கணத்திலேயே வெட்டுகிறவர் சித்திரக்காரராகிவிடுகிறார். பாலம் கண்ணில் படாதிருக்க வேண்டுமென்று ஜப்பானியர் பட்டு நூலிழைகளை இரண்டு தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டித் தகட்டைத் தாங்கச் செய்தார்கள் என்றால், அந்தச் சிரத்தையைக் குறுக்குவழி என்று எப்படிச் சொல்வது?

தகட்டை வெட்டியதும் கைக்கு வேலை குறைந்துவிடுவதில்லை. பெட்டியை மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே உப்புத்தாளால் தேய்த்து, தூசு துடைத்து, பிரைமரும் அதன்மேல் அடிவர்ணமும் பூசி நன்றாக உலரவிட்டு, தகட்டை அசையாமல் ஒட்டுநாடாவால் பொருத்தியபின், குட்டைமயிர்த் தூரிகையில் தொட்ட அக்ரிலிக் வர்ணத்தில் பெரும்பகுதியைப் பழந்துணியில் ஒற்றி எடுத்துவிட வேண்டும். தூரிகையில் வர்ணமே இல்லையோ என்று சந்தேகம் வரும் நிலைதான் சரியான நிலை. அதை நெட்டுக்குத்தாகப் பிடித்து மெல்லத் தட்டினால் விளிம்பு கத்திபோல் கூர்மையாக நிற்கும். அவசரப்பட்டு இழுத்துத் தீட்டினாலோ வர்ணம் தகட்டின் அடியில் ஊறித் தாமரை கலங்கிவிடும். முதலில் அடிவர்ணத்தையே விளிம்புகளில் ஒருமுறை தட்டி உலரவிடுவது இந்த ஊறலைத் தடுக்கும் நல்ல உபாயம். கடைசியில் வார்னிஷ் பூச வேண்டியது சொல்லாமலே விளங்கும்.

தாத்தாவின் மூக்குக்கண்ணாடியையும் பழைய இன்லண்டு கடிதங்களையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே அநேகம். அவற்றுக்கென ஒரு பெட்டியை வீட்டுப் பிள்ளையே அலங்கரிக்கலாமே! கடையில் விற்கும் ஆயத்தத் தகடு மட்டும் வேண்டாம். அதில் தீர்மானங்களையெல்லாம் வேறொருவர் செய்து முடித்துவிட்டார். அலமாரியில் கிடக்கும் பழைய எக்ஸ்ரே பிலிமே போதும். சிறுவர்கள் கோட்டை வரையட்டும், பெரியவர்கள் கத்தியைப் பிடிக்கட்டும். ஆனால் பாலங்களை எங்கே விடுவது என்பதைச் சிறுவர்களே சொல்லட்டும்.