சர்க்காருக்கும் ஓர் எல்லை உண்டு!

பேசலாம், எழுதலாம், ஆயுதமின்றிக் கூடலாம், சங்கம் அமைக்கலாம் என்று நமது அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து சொல்கிறது. எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சட்டம் வகுத்த முறையின்றிப் பறிக்கக் கூடாது என்று 21-வது ஷரத்து சொல்கிறது. இவை சர்க்கார் மனமிரங்கி நமக்குப் போட்ட பிச்சையா? இல்லவே இல்லை! "இந்தக் கோட்டுக்கு அப்பால் கால் வைக்காதே" என்று சர்க்காருக்கே இடப்பட்டிருக்கும் கட்டளை இது.

ஆனால் ஆலை வாசலில் நின்று இதைச் சொல்லிப் பாருங்கள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? போலீஸ் லாரி வந்து நிற்கும்போது எந்த ஷரத்து வந்து தடுக்கிறது?" என்று தொழிலாளி கேட்பார். படித்த நண்பர் ஒருவரைக் கேளுங்கள். "எல்லாம் சட்டத்தில் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போனால் போதும்" என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியை அறிய வேண்டுமானால் எங்கோ போக வேண்டியதில்லை. சென்னை சர்க்கார் நடத்திய வழக்குகளைப் புரட்டினாலே போதும்.

மயிலாப்பூர் வக்கீல்களும் ஒரு சொல்லும்

அரசியல் சட்டத்தை எழுதிய வரைவுக் குழுவுக்கு டாக்டர் அம்பேத்கர் தலைவர். குழுவில் மொத்தம் 7 பேர். அவர்களில் சென்னையைச் சேர்ந்தவர்கள் மூவர்: அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், பின்னர் காலியான ஓர் இடத்துக்கு வந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. மயிலாப்பூர் லஸ் சர்ச் ரோட்டில் வாழ்ந்த அல்லாடி, நாடறிந்த சட்ட மேதை. அவருடைய அறிவில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழுவில் ஒரு மில் தொழிலாளி இல்லை, ஒரு பண்ணையாள் இல்லை. அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்தவை மாகாண சட்டசபைகள். அந்தச் சட்டசபைகளுக்கு ஓட்டுப் போட்டவர்களோ சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்கள். உழைக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அன்று ஓட்டே இல்லை.

அந்தச் சபைக்கு வங்காளத்திலிருந்து வந்த ஒரே கம்யூனிஸ்ட் உறுப்பினர் தோழர் சோமநாத் லாகிரி. 1947 ஏப்ரலில் உரிமைகளின் நகலைப் படித்துவிட்டு அவர் எழுந்தார். இவற்றில் பல ஒரு போலீஸ் கான்ஸ்டபிளின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன என்று முகத்துக்கு நேரே சொன்னார். உரிமையைக் கொடுத்த கையே அதன் பின்னால் "ஆனால்" என்று ஒரு வாலையும் கட்டிவிட்டது என்பதே அவருடைய ஆட்சேபம்.

21-வது ஷரத்தின் கதையையும் கேளுங்கள். ஒருவரைச் சிறையில் தள்ளும் சட்டமும் அதன் முறையும் நியாயமானவைதானா என்று கோர்ட்டு பரிசீலிக்க இடம் தரும் சொல்தொடர் ஒன்று முதல் நகலில் இருந்தது. அதை எடுத்துவிட்டு, "சட்டம் வகுத்த முறை" என்று மட்டும் வைத்தார்கள். அதாவது, சட்டசபை ஒரு முறையை வகுத்துவிட்டால் அது எவ்வளவு கொடியதானாலும் கோர்ட்டு கேள்வி கேட்க முடியாது என்று வாதாட வழி பிறந்தது. இந்த மாற்றத்தை ஆதரித்தவர்களில் அல்லாடியும் ஒருவர்.

அவர் சொன்ன காரணம் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. அமெரிக்காவில் அந்தச் சொல்தொடரை வைத்துக்கொண்டு தொழிலாளர் நலச் சட்டங்களையே நீதிபதிகள் வெட்டிச் சாய்த்தார்கள். ரொட்டிக் கிடங்குத் தொழிலாளி நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று நியூயார்க் சட்டம் போட்டது. 1905ல் அங்குள்ள சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. எத்தனை மணி நேரம் உழைப்பது என்பது முதலாளியும் தொழிலாளியும் செய்துகொள்ளும் ஒப்பந்தச் சுதந்திரமாம்! சர்க்காருக்கு எல்லை போடுகிறோம் என்ற பேரில் முதலாளிக்கு எல்லையில்லாமல் செய்துவிட்டார்கள்.

ஆகவே எல்லை என்ற சொல்லைக் கேட்டதும் கை தட்டிவிடக் கூடாது. அது யாரைக் காக்கும் எல்லை என்று கேட்க வேண்டும். முதலாளியின் லாபத்தைக் காக்கும் எல்லை ஒன்று. தொழிலாளியின் உடலையும் வாயையும் சங்கத்தையும் காக்கும் எல்லை வேறொன்று. முதலாவதற்குப் பயந்து இரண்டாவதையும் தளர்த்திவிட்டார்கள். அதன் பலனை முதலில் அனுபவித்தவர்கள் யார்?

மூன்று வழக்குகள்

1949ல் சென்னை மாகாணத்தில் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 ஜனவரி 26ம் தேதி அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் பின் பதினாறே நாள்! பிப்ரவரி 11ம் தேதி சேலம் சிறையில் பூட்டிய கதவுகளுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 தோழர்கள் மாண்டார்கள். உயிருரிமை எழுதப்பட்ட மை அப்போது உலர்ந்திருக்குமா?

அதே மாதம் டில்லியில் தடுப்புக் காவல் சட்டம் நிறைவேறியது. குற்றம் செய்தவரை அல்ல, செய்யக் கூடும் என்று சர்க்கார் நினைப்பவரை விசாரணையின்றி அடைக்கும் சட்டம் அது. 1947 டிசம்பர் முதல் சென்னை சர்க்காரின் சிறைகளில் இருந்த தோழர் ஏ. கே. கோபாலன் மீது 1950 மார்ச் 1ம் தேதி இந்தச் சட்டத்தின் கீழ் புதிய உத்தரவு பாய்ந்தது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். மே 19ம் தேதி தீர்ப்பு வந்தது. ஏன் அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கோர்ட்டிடம்கூடச் சொல்லக் கூடாது என்ற பிரிவு மட்டும் செல்லாது என்றார்கள். மற்றபடி சட்டம் செல்லும், கோபாலன் சிறையில் இருக்கலாம் என்றார்கள். "சட்டம் வகுத்த முறை" என்ற சொல்லே அவருக்குப் பூட்டாகிவிட்டது.

இரண்டாவது வழக்கு பத்திரிகையைப் பற்றியது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய "கிராஸ் ரோட்ஸ்" என்ற வாரப் பத்திரிகை சென்னை ராஜ்யத்துக்குள் நுழையக் கூடாது என்று அதே மார்ச் 1ம் தேதி சென்னை சர்க்கார் தடை போட்டது. மே 26ம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. பொது அமைதி என்ற பொதுப் பெயரைச் சொல்லி எழுத்தை அடக்க முடியாது என்றது.

மூன்றாவது வழக்கு சங்கத்தைப் பற்றியது. பாரிஸ்டர் தோழர் வி. ஜி. ராவ் மக்கள் கல்விச் சங்கத்தின் பொதுச் செயலாளர். 1950 மார்ச் 10ம் தேதி அந்தச் சங்கம் சட்டவிரோதமானது என்று சர்க்கார் கெஜட்டில் ஓர் உத்தரவு வெளிவந்தது. உறுப்பினர் எவரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கெஜட்டில் அச்சிட்டால் போதுமாம். அதைப் பார்க்காதவரும் உறுப்பினராக இருந்தால் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். சென்னை ஹைகோர்ட் அதே ஆண்டில் இந்த உத்தரவை ரத்து செய்தது. சர்க்கார் அப்பீலுக்குப் போயிற்று. 1952 மார்ச் 31ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் சர்க்காருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. "எங்களுக்குத் திருப்தி ஏற்பட்டது, அதனால் தடை செய்தோம்" என்று சர்க்கார் சொன்னால் போதாது. அந்தக் கட்டுப்பாடு நியாயமானதா என்று கோர்ட்டு பார்க்கும் என்று சொன்ன தீர்ப்பு அது.

இன்று எத்தனையோ கட்சிகளும் சங்கங்களும் பத்திரிகைகளும் இந்த மூன்று வழக்குகளின் பெயரைச் சொல்லித்தான் கோர்ட்டில் வாதாடுகின்றன. அவற்றைப் போட்டவர்கள் பொழுதுபோகாமல் போடவில்லை. சிறையும் தடையும் அவர்களைப் போட வைத்தன.

தோற்றவர் விதியை மாற்றினார்

வழக்கில் தோற்ற சர்க்கார் சும்மா இருந்ததா? 1951 ஜூன் மாதமே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்துவிட்டது. அந்தத் திருத்தத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. சென்னையின் வகுப்புவாரி அரசாணையை செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றபோது தமிழகம் கொதித்தெழுந்தது. பிற்பட்டோருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற ஷரத்து அதன் பலனாகப் பிறந்தது. ஆனால் அதே திருத்தத்தில் இன்னொரு சொல்லும் உள்ளே நுழைந்தது. பேச்சையும் எழுத்தையும் கட்டுப்படுத்தப் "பொது ஒழுங்கு" ஒரு காரணமாகலாம் என்று சேர்த்தார்கள். "கிராஸ் ரோட்ஸ்" வழக்கில் இழந்த அதிகாரத்தை இப்படித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கூடவே "நியாயமான" கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்க்க நேர்ந்தது.

ஒரே திருத்தத்தில் இரண்டு பாடங்கள்! மக்கள் திரண்ட இடத்தில் சட்டம் மக்கள் பக்கம் சாய்ந்தது. மக்கள் கவனிக்காத இடத்தில் சர்க்கார் பக்கம் சாய்ந்தது.

அடையாறும் பெரம்பூரும்

"அப்படியானால் இந்தக் காகிதத்தை வைத்து நமக்கு என்ன?" என்று கேட்கலாம். காகிதமே இல்லாத காலத்தைப் பாருங்கள். அடையாறு பிரம்மஞான சங்கத்தைச் சேர்ந்த பி. பி. வாடியா தலைமையில் 1918 ஏப்ரல் 27ம் தேதி பெரம்பூர் மில் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பின்னி கம்பெனி என்ன செய்தது? தொழிலாளர்களைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை முறிக்கச் செய்ததாகச் சங்கத் தலைவர்கள் மீது ஹைகோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. கோர்ட்டும் தடையுத்தரவு கொடுத்தது. சங்கம் நடத்துவதே சட்டத்தின் கண்ணில் தவறாகத் தெரிந்த காலம் அது. வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. இந்த அநியாயம் நாடெங்கும் கிளப்பிய கண்டனமும் தொழிலாளர் போராட்டங்களும் சேர்ந்துதான் 1926ம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தைக் கொண்டு வந்தன. 19-வது ஷரத்தில் "சங்கம் அமைக்கலாம்" என்ற வார்த்தை வருவதற்கு முன்பே அதற்கு விலை கொடுத்தவர்கள் பெரம்பூர் நெசவாளிகள்.

இன்று நிலைமை என்ன?

தடுப்புக் காவல் ஒழிந்துவிட்டதா? அது அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்திலேயே குடியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1982ம் ஆண்டின் 14வது சட்டம் இருக்கிறது. குண்டர் சட்டம் என்று ஊரெல்லாம் அறியும். கள்ளச் சாராயக்காரனுக்கும் ரௌடிக்கும் என்று வந்த சட்டம் இது. 2017 மே மாதம் மயிலாப்பூரை ஒட்டிய மெரினாக் கடற்கரையில் ஈழத்தில் மாண்டவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற முனைந்த திருமுருகன் காந்தி மீதும் பாய்ந்தது. செப்டம்பரில் ஹைகோர்ட் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்கள் சிறையில் கழிந்தன. 2023 நவம்பரில் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த 7 பேர் மீது இதே சட்டம் பாய்ந்தது. நிலத்தைக் காப்பவன் குண்டனா என்று நாடு கேட்டது. 6 பேர் மீதான உத்தரவைச் சில நாட்களில் சர்க்காரே திரும்பப் பெற்றது. ஆட்சிகள் இரண்டு, சட்டம் ஒன்று. எந்தக் கட்சி நாற்காலியில் இருந்தாலும் எல்லையைக் காவல் காப்பது நமது வேலை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

2024ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது முக்கியக் கோரிக்கை. அரசியல் சட்டம் தந்த உரிமையை ஒரு பதிவாளரின் மேஜையிலிருந்து வாங்க, வீதியிலும் ஹைகோர்ட்டிலும் போராடி, 2025 ஜனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அதே 2025 நவம்பர் 21ம் தேதி மத்திய சர்க்காரின் புதிய தொழிலாளர் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்ற விதி எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வந்துவிட்டது. சமரசப் பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் கூடாது என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. சங்கம் வைத்துக்கொள், ஆனால் அதைப் பயன்படுத்தாதே என்பது உரிமையா?

செய்ய வேண்டியது

அரசியல் சட்டத்தைச் சாமியாக்கிக் கும்பிடவும் வேண்டாம். குப்பையில் எறியவும் வேண்டாம். அதைக் கருவியாக எடுத்துக்கொள்வோம். அரிவாளைப் பரணில் வைத்துவிட்டுக் கதிர் அறுபடவில்லையே என்று அழுது பயனில்லை.

ஒவ்வொரு சங்கக் கிளையிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் கூட்டத்திலும் சில விஷயங்களையாவது படித்துச் சொல்ல வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவலில் இந்தப் பாதுகாப்புகள் இல்லை. ஆனால் காரணத்தைக் கைதிக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும். அவர் தரும் முறையீட்டைத் தாமதமின்றிப் பரிசீலித்தாக வேண்டும். அதில் தாமதம் செய்ததற்காகவே ஹைகோர்ட் பல உத்தரவுகளை ரத்து செய்திருக்கிறது. ஆகவே குடும்பமும் சங்கமும் அன்றைக்கே முறையீட்டை எழுத வேண்டும். ஆட்கொணர்வு மனுவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஊரைக் கூட்ட வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நொண்டும்.

தியாகராய நகரில் இன்று கம்யூனிஸ்ட் கட்சிகளின் அலுவலகங்கள் பெயர்ப் பலகையோடு நிற்கின்றன. 1949ல் அந்தப் பெயரைச் சொன்னாலே சிறை. தடை செய்தவர்களே மனம் மாறி அந்தப் பலகையை மாட்டிவிடவில்லை. சிறையில் இருந்தபடியே தோழர் பி. ராமமூர்த்தி 1952 தேர்தலில் மதுரையில் வென்றார். ஓட்டுப் போட்ட மக்களும், வழக்காடிய வக்கீல்களும், சேலத்தில் ரத்தம் சிந்திய தோழர்களும் சேர்ந்து மாட்டிய பலகை அது.

சர்க்காருக்கு எல்லை உண்டு என்று சட்டம் எழுதிவிட்டது. அந்த எல்லையில் காவல் நிற்க வேண்டியவர்கள் நாம். காவலாளி தூங்கினால் எல்லைக் கல் தானாக நகரும்!