கோபம் வந்தால் எழுதுங்கள்



வானொலித் தொடரில் தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தைத் திடீரென்று சாகடித்துவிட்டார்கள், தங்கமான மருமகளைக் காரணமே இல்லாமல் கெட்டவளாக்கிவிட்டார்கள் என்று மனம் நொந்து எழுதும் கடிதங்கள் நமக்கு வருகின்றன. வெறும் கதைக்கு ஏன் இத்தனை கோபம் என்று நான் கேட்கமாட்டேன். கேரளத்தில் மூணாறு தேயிலைத் தோட்ட லயங்களுக்கும், உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்கும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை வீடுகளுக்கும் தமிழ் பெருமளவு காதுவழியாகவே வந்தது. கோவை நிலையம், இலங்கை வானொலி, கொடைக்கானல் பண்பலை, நம் மலையிலேயே தேவிகுளம் நிலையம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, மாதக்கணக்கில் கேட்ட குரல் வீட்டு மனுஷியின் குரலாகிவிடுகிறது. அவளுக்கு ஒன்று என்றால் வலிக்கத்தான் செய்யும்.

இங்கிலாந்தில் பிபிசியின் 'தி ஆர்ச்சர்ஸ்' 1951 முதல் இன்றுவரை ஓடுகிறது. 1955 செப்டம்பர் 22 அன்று, அதில் புதுமணப்பெண்ணான கிரேஸ், தீப்பிடித்த லாயத்துக்குள் குதிரையைக் காப்பாற்றப் போய் இறந்தாள். பிபிசிக்குத் தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் குவிந்தன. அன்றிரவுதான் போட்டியாக ஐடிவி தொலைக்காட்சி தொடங்கியது. அந்தச் சாவுக்கான காரணம் கதைக்கு வெளியே இருந்தது என்று கேட்டவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு.

நம் நாட்டில் நடந்தது வேறு. ஆகாசவாணி 1996-97இல் 'தின்கா தின்கா சுக்' என்ற இந்தித் தொடரை 104 பகுதிகளாக ஒலிபரப்பியது. அதில் பூனம் என்ற இளம்பெண் வரதட்சணைக் கொடுமை தாளாமல் உயிரை விடுகிறாள். உத்தரப்பிரதேசத்தின் லுட்சான் கிராமத்தார் கொதித்துப்போனார்கள். ஆனால் அவர்களுடைய கோபம் கதாசிரியர்மேல் திரும்பவில்லை. இனி வரதட்சணை வாங்குவதில்லை, கொடுப்பதில்லை என்று பெரிய தாளில் எழுதி, 184 பேர் கையொப்பமும் கைநாட்டும் வைத்து வானொலிக்கு அனுப்பினார்கள். பூனத்தின் சாவுக்குக் காரணம் கதைக்குள் இருந்தது. அவர்கள் தெருவிலும் இருந்தது.

நான் பிரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான். யாரையும் சாகடிக்கக்கூடாது என்று எழுத்தாளரிடம் கேட்க நமக்கு உரிமையில்லை. பரபரப்புக்காகவோ, நடிகர் விலகிவிட்டார் என்பதற்காகவோ ஓர் உயிரை அவசரமாக முடித்தால், ஏன் என்று கேட்க முழு உரிமை உண்டு. பல மாதம் காது கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல நிலையமும் கடமைப்பட்டிருக்கிறது.

ஆகவே, மனத்தாங்கலைத் திண்ணையோடு விட்டுவிடாதீர்கள். நாடகத்தின் பெயர், ஒலிபரப்பான நாள், எந்த இடத்தில் கதை பொய்யாகப் பட்டது என்று குறிப்பிட்டு நிலையத்துக்கே ஓர் அஞ்சலட்டை போடுங்கள். கதை நன்றாக இருந்த நாளிலும் எழுதுங்கள். தமிழ் நாடகத்தை எல்லைக்கு இப்பாலும் கேட்க ஆள் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்