யூதர் காத்ததும் தமிழர் இழப்பதும்

நாடின்றிப் பன்னூறு ஆண்டுகள் சிதறி வாழ்ந்த யூதர், யூதராகவே நிலைத்தது எவ்வாறு? வீட்டில் பிற மொழிகளைப் பேசினும், வழிபாட்டில் எபிரேயத்தை அவர் விட்டாரில்லை.

கொச்சி யூதரே சான்று. கி.பி. 1000 அளவில் சேரன் பாற்கர இரவி, ஈசுப்பு இரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வட்டெழுத்துச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். அம்மக்கள் மலையாளம் பேசினர். எபிரேயத்தில் இறைவனை வழுத்தினர். 1948-க்குப் பின் பெரும்பாலோர் இசுரேல் சென்றனர்.

வழிபாட்டில் எஞ்சிய அம்மொழியை, 1881-இல் எருசலேம் சென்ற எலியேசர் பென் யெகுதா வீட்டுமொழியாக்கினார். 1882-இல் பிறந்த தம் மகனை வேறு மொழி கேளாது வளர்த்தார். இன்று அஃது ஆட்சிமொழி. அவ்வரசு பாலத்தீனர்க்கு இழைக்கும் கொடுமை தமிழர்க்கு வழிகாட்டியன்று; அந்த வீடே வழிகாட்டி.

காவிரிப் படுகையில் நிலை தலைகீழ். மண் உண்டு, மொழியும் உண்டு. ஆயினும், அரசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் 2020 குடமுழுக்கில் தமிழ் ஒலிக்க வழக்குமன்றம் ஏற நேர்ந்தது. பின்னும் சமற்கிருதத்தோடு பங்கிட்டே ஒலித்தது. கருவறையில் இழந்ததை அடுப்பங்கரையில் காத்த தமிழன், இன்று அங்கும் ‘மம்மி’, ‘டாடி’ எனப் பிள்ளையைப் பழக்குகின்றான். கோயிலில் எஞ்சிய மொழி வீட்டிற்கு மீண்டது. வீட்டிலும் ஒழிந்த மொழி எங்கிருந்து மீளும்?

நாகையில் 1876-இல் பிறந்த மறைமலையடிகள், 1916-இல் தனித்தமிழைத் தொடங்கியதும் மகள் நீலாம்பிகையோடு தம் இல்லத்தில்தான். படுகைத் தமிழரே! சோழமண்ணில் பிறந்தது மட்டும் தமிழராக்காது. இன்றிரவு உண்கலத்தின் முன் தொடங்குக!